மகமைக் கணக்கு

மதுரையில் பஸ் ஏறி உட்கார்ந்ததும் பக்கத்து இருக்கைக்காரர் கேட்டார்: "சிவகாசிக்கா? தீபாவளிக்கு இன்னும் ரெண்டு மாசம் கிடக்கே!" வெளியூர்க்காரன் ஒருவன் சிவகாசிக்குப் போகிறான் என்றால் பட்டாசு வாங்கப் போகவேண்டும், இல்லாவிட்டால் காலண்டர் அடிக்கப் போகவேண்டும். குப்பை அள்ளுவதைப் பார்க்கப் போகிறேன் என்று சொல்லக் கூச்சமாக இருந்தது. தெரிந்தவர் வீட்டுக்கு என்று சொல்லிவைத்தேன். முழுப்பொய் இல்லை. நண்பனின் மைத்துனர் அங்கே சின்னதாக ஓர் அச்சகம் வைத்திருக்கிறார். ஞாயிற்றுக்கிழமை விடிந்ததும் மண்வெட்டியோடு கண்மாய்க்கரைக்குப் போகிற பத்திருபது பேரில் அவரும் ஒருவர். "சும்மா வந்து பாருங்க. எழுதினாலும் எங்க பேரு வேண்டாம்" என்று போனில் சொல்லியிருந்தார். பேர் வேண்டாம் என்கிற ஆளைப் பார்த்து ரொம்ப நாளாகிவிட்டது. அதனாலேயே கிளம்பினேன்.

நேரே சிவகாசிக்குப் போகாமல் விருதுநகரில் இறங்கிக்கொண்டேன். பரோட்டாவுக்காக என்று சொன்னால் யாரும் நம்பிவிடுவார்கள். ஆனால் நான் இறங்கியது உச்சிப்பொழுது. விருதுநகரில் எண்ணெய்ப் பரோட்டாவுக்குச் சட்டி காய்வது சாயங்காலம்தான். அதுவரை ஊரைச் சுற்றினேன்.

முதலில் பார்த்தது கௌசிகா ஆற்றை. பார்ப்பதற்கு முன்னால் மூக்குக்குத் தெரிந்துவிட்டது. மழைக்காலத்தில் வெள்ளம் வந்தால் ஆறு, மற்ற நாளெல்லாம் ஊர்ச் சாக்கடை என்று இரண்டு பிழைப்பு அதற்கு. ஆகாயத்தாமரையும் பாலிதீனும் ஒன்றின்மேல் ஒன்று படர்ந்து, எது செடி எது பை என்று தெரியாதபடி கிடந்தது. இந்தத் தண்ணீர்தான் கீழே குல்லூர்சந்தை அணைக்குப் போய்ச் சேருகிறது. "இதுல ஒரு காலத்துல குளிச்சிருக்கோம்" என்றார் பாலத்தோரம் சைக்கிளை நிறுத்தியிருந்த பெரியவர். எந்தக் காலம் என்று கேட்டேன். "அது கிடக்கு" என்று சொல்லிவிட்டு ஏறிப் போய்விட்டார்.

ஊருக்குள் வந்தால் காட்சியே வேறு. நடு பஜாரில் தெப்பக்குளம். அதைச் சுற்றித் துவரை, உளுந்து, மல்லி, வத்தல், எண்ணெய் என்று நூறு வருசத்துக்கும் மேலாக நடக்கிற மொத்த வியாபாரம். விருதுநகர் விலை நிலவரம் பேப்பரில் வந்தால்தான் தமிழ்நாட்டின் பாதி மளிகைக் கடைக்காரர்களுக்குப் பொழுது விடியும். வத்தல் காரத்தில் தும்மிக்கொண்டே ஒரு சந்தில் நின்றேன். லாரியில் மூட்டை ஏறும்போது சிந்துகிற பருப்பை ஓர் அம்மா சின்னத் துடைப்பத்தால் கூட்டிச் சேர்த்து, முறத்தில் புடைத்து, கல்லைத் தனியாகவும் பருப்பைத் தனியாகவும் பிரித்துக்கொண்டிருந்தார். கிழிந்த சாக்கைத் தைத்துக் கொடுக்க ஓர் ஆள். தைக்க முடியாத சாக்கை வாங்கிப் போக ஓர் ஆள். விலை உள்ள எதுவும் இந்தச் சந்தில் குப்பையாவதில்லை. அரைக் கிலோமீட்டர் தள்ளி ஆறு நாறுகிறது.

இந்த இரண்டும் ஒரே ஊரில் எப்படி என்பதுதான் அன்று மத்தியானம் முழுக்க என்னைக் குடைந்தது. காமராஜர் பிறந்த வீட்டின் திண்ணையோரம் கொஞ்ச நேரம் நிழலுக்கு நின்றேன். நினைவில்லமாக வைத்திருக்கிறார்கள். எத்தனை முறை பார்த்தாலும் வீட்டின் குறுகல்தான் முதலில் கண்ணில் படும். அவர் படித்தது க்ஷத்திரிய வித்யாசாலா. 19-ஆம் நூற்றாண்டின் கடைசியில் நாடார் உறவின்முறை எழுப்பிய பள்ளி. அதன் கதையில் பிடி அரிசி வரும். உலை வைக்கும்போது வீட்டுக்கு வீடு ஒரு கைப்பிடி அரிசியைத் தனிக் கலயத்தில் போட்டுவைப்பார்கள். வாரம் ஒரு தரம் ஆள் வந்து வாங்கிப் போவார். அந்த அரிசியை விற்ற காசில் பிள்ளைகளுக்கு இலவசப் படிப்பு. 1903-ல் பிறந்த காமராஜர் அந்தப் படிப்பில் கொஞ்ச காலம் உட்கார்ந்து எழுந்தவர். முதலமைச்சரான பிறகு, 1958 முதல், பொதுக்கல்வி இயக்குநர் நெ.து. சுந்தரவடிவேலுவோடு ஊர் ஊராகப் பள்ளிச் சீரமைப்பு மாநாடுகள் நடத்தினார். கட்டடம், பெஞ்சு, கரும்பலகை, கிணறு என்று ஊர்க்காரர்களே தங்கள் பள்ளிக்குக் கொடுத்தார்கள். அன்று விருதுப்பட்டி என்றிருந்த விருதுநகரின் அடுப்பங்கரைக் கலயம் மாநிலம் முழுக்கப் போன கதை என்றுதான் அதை எனக்குப் பார்க்கத் தோன்றும்.

பிடி அரிசி பெண்கள் கொடுத்தது என்றால், ஆண்கள் கொடுத்தது மகமை. விற்கிற மூட்டைக்கு இவ்வளவு, வருகிற வண்டிக்கு இவ்வளவு என்று ஒரு சின்னத் தொகையைப் பொதுவுக்கு எடுத்துவைக்கிற பழக்கம். இதையெல்லாம் விரிவாக எழுதியவர் ராபர்ட் ஹார்ட்கிரேவ் என்கிற அமெரிக்க ஆய்வாளர். 1969-ல் அவருடைய நூல் வந்தது. கள் இறக்கிப் பனை ஏறிய நாடார் சமூகத்தில் ஒரு பகுதி வண்டி கட்டி வியாபாரத்துக்கு வடக்கே வந்தது. வழியில் களவு, வந்த ஊரில் பகை. மாடும் சரக்கும் ராத்தங்கப் பாதுகாப்பான பேட்டை வேண்டியிருந்தது. பேட்டைக்குக் காசு வேண்டியிருந்தது. மகமை பிறந்தது அப்படித்தான். சிவகாசி, விருதுப்பட்டி, திருமங்கலம், சாத்தங்குடி, பாலையம்பட்டி, அருப்புக்கோட்டை என்று ஆறு ஊர்கள் இதில் கெட்டிப்பட்டன. தலைக்கட்டு ஒவ்வொன்றும் உறவின்முறையில் உறுப்பு. கணக்குப் பார்க்கிற பொறுப்பு முறை வைத்து மாறும். கிணறு, கோயில், பள்ளிக்கூடம், பிறகு கல்லூரி எல்லாம் அந்தக் கணக்கில் எழுந்தவை. இன்று நாம் தன்னார்வத் தொண்டு என்று பேர் வைத்துப் பேசுவதற்கு இந்தக் கரிசல் காட்டில் நூற்றைம்பது வருசப் பேரேடு இருக்கிறது.

ஆனால் அந்தப் பேரேட்டில் கௌசிகாவுக்குப் பக்கம் இல்லை. உறவின்முறை என்றால் உறவுக்குள். நம் தெரு, நம் கோயில், நம் பள்ளி. கோயில் வாசலுக்குள் யார் வரலாம் என்பதே பெரிய சண்டையாகி, 1899-ல் சிவகாசி கொள்ளைபோன மண் இது. அந்தக் காலத்தில் 'பொது' என்பதற்கு வேலி கட்டிக்கொள்ளாமல் யாரும் பிழைத்திருக்க முடியாது என்பதும் உண்மை. ஆனால் ஆறு எந்தத் தெருவுக்குள்ளும் அடங்காது. எல்லார் கழிவும் அதில் போகிறது, அதற்குத் தலைக்கட்டு மட்டும் கிடையாது. இதை ஒரு குறையாக எழுதிவைத்துக்கொண்டேன். பிறகு சாயங்காலமாகிவிட்டது.

பரோட்டாவைப் பற்றி ஒரு வரி. வட்டக் கல்லில் எண்ணெய் மிதக்க, மொறுமொறுவென்று எடுத்து, வாழையிலையில் பிய்த்துப் போட்டுச் சால்னாவை ஊற்றுகிறார்கள். உள்ளே உட்கார்ந்து தின்கிறவனுக்கு இலை. பார்சல் கேட்டவனுக்குச் சால்னா பாலிதீன் பையில், சூடாக, முடிச்சுப் போட்டு. 2019 ஜனவரி 1 முதல் ஒருமுறை பயன்படுத்தும் பிளாஸ்டிக்குக்குத் தமிழ்நாட்டில் தடை. 2021 டிசம்பரில் 'மீண்டும் மஞ்சப்பை' இயக்கம் வந்தது. மஞ்சப்பையில் சால்னா வாங்க முடியாது என்பதும் ஒரு பிரச்சினைதான். முன்பு தூக்குவாளி இருந்தது.

மறுநாள் காலையில் சிவகாசியில் இருக்கவேண்டும் என்பதால் இருட்டுவதற்குள் பஸ் பிடித்தேன். அது பட்டாசு ஆலைகள் விடுகிற நேரம். இடையில் ஒரு நிறுத்தத்தில் ஏழெட்டுப் பெண்கள் ஏறினார்கள். முகம் கழுவி, பொட்டு வைத்து, பூவும் வைத்திருந்தார்கள். இருந்தும் காதோரத்திலும் நகக்கண்ணிலும் வெள்ளி பூசியது போல ஒரு மினுக்கம் மிச்சமிருந்தது. அலுமினியப் பொடி, சோப்புக்கு அடங்காது. என் பக்கத்தில் உட்கார்ந்த அக்காவிடம் பேச்சுக் கொடுத்தேன். ஜன்னலுக்கு வெளியே காட்டி, "அங்க மரம் கூட்டமா தெரியுதுல்ல, அது பூராம் ஆபீஸ்தான்" என்றார். இங்கே பட்டாசு ஆலையை 'ஆபீஸ்' என்றுதான் சொல்கிறார்கள்.

பார்த்தேன். கண்ணுக்கு எட்டியவரை கரிசல். அதில் சீமைக் கருவேலம். நடுநடுவே வேம்பு மட்டும் திட்டுத் திட்டாகத் தழைத்து நின்றது. ஒரு வெடி இன்னொரு அறைக்குத் தாவக்கூடாது என்பதற்காக ஆலையில் அறைகளைத் தள்ளித் தள்ளிக் கட்டவேண்டும். இடைவெளியில் மரம் வைக்கிறார்கள். மருந்து அறைக்குள் மின்விசிறி கூடாது, வெயிலும் ஆகாது. வேம்புதான் விசிறி. ஆண்டுக்குச் சுமார் 800 மில்லிமீட்டர்தான் மழை. மழை குறைந்து காற்று காய்ந்திருப்பதால்தான் தீப்பெட்டியும் பட்டாசும் இங்கே வேர்விட்டன. அந்தக் காய்ச்சலைத் தாங்கிக்கொள்ள அந்தத் தொழிலே மரமும் வளர்த்தது. "எங்க அறைக்கு முன்னால நிக்கிற மரம் நான் சேர்ந்தப்ப இடுப்பளவு. இப்ப அதுக்கடியிலதான் பத்துப் பேரு சாப்பிடுதோம்" என்றார் அக்கா. அந்த மரத்துக்குத் தண்ணி ஊற்றியது யார் என்று கேட்டேன். கை கழுவுகிற தண்ணி என்றார். இறங்கும்போது, "பூச்சி வந்துச்சுன்னு வெட்டப் பாத்தாக. விடல" என்று சேர்த்துக்கொண்டார்.

சீமைக் கருவேலத்தைப் பற்றிச் சொல்லாமல் இந்த வழியைக் கடக்க முடியாது. அடுப்பெரிக்கட்டும் என்று விதைத்தது, கண்மாய், ஓடை, தரிசு எல்லாவற்றையும் வளைத்துக்கொண்டது. 2017-ல் உயர்நீதிமன்ற மதுரைக் கிளை அதை அகற்றச் சொன்னபோது தென் மாவட்டமெங்கும் ஒரு வேகம் பிறந்தது. கல்லூரி மாணவர்கள், வழக்கறிஞர்கள், அரசு ஊழியர்கள் என்று ஆளுக்கொரு அரிவாளோடு இறங்கினார்கள். பிறகு வழக்கு, தடை என்று வேகம் தணிந்தது. அரிவாளால் வெட்டிய அத்தனையும் அடுத்த மழைக்கு நாலு கிளையாகத் துளிர்த்தது. தூரோடு பிடுங்காவிட்டால் அது போகாது. அதைச் சுட்டுக் கரியாக்கிப் பிழைக்கிற குடும்பங்கள் இந்தப் பக்கம் ஏராளம். அவர்களைக் கேட்டிருந்தால் அன்றே சொல்லியிருப்பார்கள்.

ராத்திரி அச்சகக்காரர் வீட்டில் தங்கல். அவரை இனி அண்ணாச்சி என்றே எழுதுகிறேன், ஊரே அப்படித்தான் கூப்பிடுகிறது. 1922-ல் அய்ய நாடாரும் சண்முக நாடாரும் கல்கத்தாவுக்குப் போய்த் தீப்பெட்டித் தொழில் கற்று வந்த கதையை, தன் வீட்டுக் கதை போலச் சொன்னார். தீப்பெட்டிக்கு லேபிள் வேண்டும், லேபிளுக்கு அச்சு வேண்டும், தீப்பெட்டி மருந்து தெரிந்த கைக்கு மத்தாப்பு தூரமில்லை. ஒன்றிலிருந்து ஒன்று முளைத்தது. அவருடைய அச்சகத்தில் வெட்டு இயந்திரத்துக்கு அடியில் வண்ண வண்ணமாகக் காகிதச் சீவல் குவிந்திருந்தது. "இது குப்பைனு நினைச்சிராதீங்க. வெள்ளைக்கு ஒரு விலை, கலருக்கு ஒரு விலை, அட்டைக்கு ஒரு விலை. விடிஞ்சா ஆளு வந்து எடை போட்டு எடுத்துட்டுப் போயிருவான்." விருதுநகர்ச் சந்தில் முறத்தோடு உட்கார்ந்திருந்த அம்மாவின் கணக்கேதான்.

இந்த ஊரின் இன்னொரு குப்பைக்கு எடைக்காரன் வரமாட்டான். அதை நான் மறுநாள் பார்த்தேன்.

காலை ஆறு மணி. ஊரை விட்டுச் சற்றுத் தள்ளி ஒரு கண்மாய். கரைமேல் இருபது பேருக்குக் கொஞ்சம் குறைவாக. இரண்டு ஆசிரியர்கள், ஒரு மருந்துக்கடைக்காரர், காகித ஏஜெண்ட் ஒருவர், நாட்டு நலப்பணித் திட்டச் சட்டை போட்ட கல்லூரிப் பையன்கள், பட்டாசு ஆலையில் போர்மேனாக இருந்து ஓய்வுபெற்ற ஒரு பெரியவர். பேனர் இல்லை. தொப்பி இல்லை. போட்டோ எடுக்கப் போன என்னை, "வேலை முடியட்டும்" என்றார்கள்.

தண்ணீர் வரத்துக் கால்வாயில் அடைத்துக்கொண்டிருந்ததை இழுத்துப் போடுவது முதல் வேலை. பாட்டில், தர்மாகோல், மாலை, தலையணை, ஒரு கால் செருப்பு. அரை மணிக்குள் கையுறையெல்லாம் சேறு. அப்போது ஒரு பையன், "மாமா, இங்க வாங்க" என்று குரல் கொடுத்தான். கருவேலத் தூருக்குப் பின்னால் வாய் கட்டிய சாக்கு ஒன்று. ஓரத்தில் பிரிந்து சாம்பல் நிறமாக எதுவோ கசிந்திருந்தது. போர்மேன் பெரியவர் எட்ட நின்றே பார்த்தார். பிறகு இரண்டு கையையும் விரித்து எல்லாரையும் பின்னால் தள்ளினார். "யாரும் மண்வெட்டியக் கொண்டு போகாதீங்க. பீடி சிகரெட்டு எவன்கிட்டயும் இருக்கக்கூடாது."

கழிவு மருந்து. கலந்த மருந்தைக் கலந்த அன்றே தீர்க்கவேண்டும், வைத்திருக்கக்கூடாது என்பது ஆலையில் பாலபாடம். மிஞ்சினால், பழுதான வெடி இருந்தால், அதற்கென்று தள்ளி வெட்டிய குழியில் முறைப்படி அழிக்கவேண்டும். அழிக்கும்போதே ஆள் போன சம்பவங்கள் உண்டு. சட்டத்துக்கு அஞ்சியோ செலவுக்கு அஞ்சியோ யாரோ ராத்திரியில் கண்மாயோரம் இறக்கிவிட்டுப் போயிருக்கிறார்கள். எந்த இடத்துச் சரக்கு என்று எழுத நான் விரும்பவில்லை. எனக்குத் தெரியவும் தெரியாது. தீயணைப்பு நிலையத்துக்குப் போன் போனது. வண்டி வரும்வரை அந்தப் பக்கம் ஆடு மேய்க்க வந்தவரை மறித்து நிறுத்திக்கொண்டு எல்லாரும் வெயிலில் உட்கார்ந்திருந்தோம்.

வேறு ஊரில் துப்புரவுப் பணி என்றால் குப்பையைக் கூட்டிக் குவித்துக் கடைசியில் தீ வைத்துவிட்டுப் போவார்கள். இங்கே குப்பைக்குத் தீ வைப்பது என்ற பேச்சே கிடையாது. எந்தக் குவியலுக்குள் எது கிடக்கும் என்று யாருக்கும் தெரியாது. 2012 செப்டம்பர் 5 அன்று முதலிப்பட்டியில் ஓர் ஆலை வெடித்து 38 பேர் இறந்தபோது, புகையைப் பார்த்து உதவ ஓடிப்போனவர்களும் அதில் அடக்கம். உட்கார்ந்திருந்த வேளையில் போர்மேன் பெரியவர் அதைத்தான் சொன்னார். "ஓடிப்போயித் தூக்கணும்னுதான் மனசு சொல்லும். இங்க நிக்கப் பழகணும்." தொண்டு செய்ய வருகிறவனுக்கு இந்த ஊர் முதலில் கற்றுக்கொடுப்பது கையைக் கட்டிக்கொண்டு தள்ளி நிற்பதை.

அந்தக் காத்திருப்பில்தான் நல்ல பேச்செல்லாம் வந்தது. 2018 அக்டோபரில் உச்ச நீதிமன்றம் புகை குறைந்த பசுமைப் பட்டாசு மட்டும்தான் என்றது, சரவெடி கூடாது என்றது, பேரியம் உப்புகள் கூடாது என்றது. ஆலைகள் சில மாதம் மூடிக் கிடந்தன. "பச்சைக் கலர் மத்தாப்புக்குப் பச்சை கொடுக்கிறதே பேரியம்தான் அண்ணாச்சி. இப்பப் பசுமைப் பட்டாசுனு பேரு, உள்ளுக்குப் பச்சை கிடையாது" என்று சிரித்தார் காகித ஏஜெண்ட். சிரிப்புக்கு அடியில் அந்த மாதங்களின் வட்டிக் கடன் இருந்தது. மருந்துக்கடைக்காரர் கொள்ளுகுடிப்பட்டியை இழுத்தார். சிவகங்கை மாவட்டம் வேட்டங்குடி சரணாலயத்தை ஒட்டிய அந்த ஊரில், பறவைகள் கலைந்துவிடும் என்று தலைமுறையாகத் தீபாவளிக்கு வெடி போடுவதில்லை. தெற்கே கூந்தன்குளத்திலும் அப்படித்தான். "நம்ம சரக்கு ஒரு பெட்டி கூடப் போகாத ஊரு" என்றார் ஏஜெண்ட். கொஞ்ச நேரம் கழித்து, "நாரை வந்து நம்ம கண்மாய்ல உக்காந்தா நாம என்ன செய்வோம்?" என்று அவரே கேட்டார். யாரும் பதில் சொல்லவில்லை. தண்ணி நிற்கட்டும், அப்புறம் பார்ப்போம் என்று அண்ணாச்சி எழுந்துகொண்டார்.

தண்ணீர் நிற்க வைப்பது இந்த மண்ணில் பழைய வேலை. குடிமராமத்து என்று பேர். ஊர்க் கண்மாயை ஊரே கூடித் தூர்வாரும், கரை உடைந்தால் வீட்டுக்கு ஓர் ஆள் போகவேண்டும். அது முழுக்க மனமுவந்து நடந்தது என்று நாம் பெருமூச்சு விடவேண்டாம். 1858-லேயே சென்னை மாகாணத்தில் கட்டாய உழைப்புச் சட்டம் போட்டு அதற்கு ஆள் வரவழைத்தார்கள். யாரைக் கட்டாயப்படுத்தியிருப்பார்கள் என்று ஊகிக்கப் பெரிய ஆராய்ச்சி வேண்டாம். 2017 வாக்கில் அரசு அந்தப் பேரை மீண்டும் எடுத்துக்கொண்டு விவசாயிகள் சங்கங்கள் வழியாகப் பணி நடத்தியது. சில கண்மாய்களில் மண் எடுத்தார்கள், சிலவற்றில் கரை உயர்ந்தது, சிலவற்றில் பலகை மட்டும் நிற்கிறது. சிவகாசி நகரத்துக்குள் பெரியகுளம் போன்ற கண்மாய்களில் தன்னார்வலர்கள் இறங்கியது தனிக் கதை. 2021-ல் திருத்தங்கலையும் சேர்த்துக்கொண்டு சிவகாசி மாநகராட்சி ஆகிவிட்டது. ஊர் பெரிதானால் சாக்கடையும் பெரிதாகும். அதுவும் ஏதாவதொரு கண்மாயைத்தான் தேடிப் போகும்.

தீயணைப்பு வண்டி வந்து, மணலும் தண்ணீருமாகப் போட்டுச் சாக்கைக் கொண்டுபோன பிறகு டீ வந்தது. டீயோடு மாநகராட்சித் தூய்மைப் பணியாளர் ஒருவரும் வந்து சேர்ந்தார். ஐம்பது வயதிருக்கும். தள்ளுவண்டியை ஓரமாக விட்டுவிட்டு, இவர்கள் குவித்து வைத்திருந்ததை ஒரு சுற்றுப் பார்த்தார்.

"நல்லாத்தான் அள்ளியிருக்கீக."

"வாரா வாரம் வர்றோம்ல தாயி" என்றார் ஆசிரியர்.

"வாங்க. வேணாங்கல. ஆனா இதை விட ஒரு உதவி இருக்குண்ணே. உங்க தெருவுல பல்பு உடைஞ்சா, பாட்டில் உடைஞ்சா, பேப்பர்ல சுத்தித் தனியாக் குடுக்கச் சொல்லுங்க. இந்தா பாருங்க" என்று உள்ளங்கையைக் காட்டினார். பழைய தழும்பு, அதன்மேல் புதிய தழும்பு. ஆசிரியர் டீ டம்ளரைக் கீழே வைத்துவிட்டார்.

குப்பையைப் பிரித்துக் கொடுக்கவேண்டும் என்பது 2016-ஆம் ஆண்டுத் திடக்கழிவு மேலாண்மை விதிகளிலேயே வந்துவிட்டது. அந்த அம்மாவுக்கு விதி தெரியாது, கை தெரியும். ஒரு ஞாயிற்றுக்கிழமையில் நாம் விரும்பிச் செய்வதை அவர் தினமும் கூலிக்குச் செய்கிறார். நமக்குப் பாராட்டு, அவருக்குத் தழும்பு. தீபாவளிக்கு மறுநாள் காலையில் தமிழ்நாட்டின் ஒவ்வொரு தெருவிலும் சிவப்புக் காகிதம் கம்பளமாகக் கிடக்குமே, அதைக் கூட்டுகிறவர்களை நினைத்துக்கொண்டேன். இந்தியாவின் பட்டாசில் சுமார் 90 சதவீதம் இங்கிருந்து போகிறது என்று பெருமையாகச் சொல்வார்கள். அப்படியானால் அந்தக் காகிதமும் இங்கிருந்துதான் போகிறது. அண்ணாச்சி அன்று சாயங்காலமே தன் தெருவில் உடைந்த கண்ணாடிக்கென்று ஒரு தகர டப்பா வைத்தார். அவருடைய துணைவியார், "பத்து வருசமா கண்மாய்க்குப் போறாரு, தெருவுக்கு இன்னிக்குத்தான் வந்திருக்காரு" என்றார்.

டீக்குப் பிறகு மரவேலை. நாற்று வைப்பது குறைவு, வைத்ததைக் காப்பாற்றுவதுதான் அதிகம். வேம்பு, புங்கை, நாவல், பூவரசு. ஆடு எட்டாத உயரம் வரும்வரை முள்வேலி, கோடைக்கு லாரித் தண்ணீர். ஆவணி மாதமானதால் கரைநெடுக பனங்கொட்டையும் ஊன்றினார்கள். பனைக்குக் கூண்டு வேண்டாம், லாரித் தண்ணீர் வேண்டாம். மாநில மரம். 2021-22 வேளாண் நிதிநிலை அறிக்கையில் 76 லட்சம் பனை விதை கொடுக்கப்போவதாக அரசே அறிவித்தது. கொட்டையை வரிசையாக வைத்துக்கொண்டே போன அண்ணாச்சி ஓரிடத்தில் நிமிர்ந்து இடுப்பைப் பிடித்துக்கொண்டார். "எங்க தாத்தாவுக்குத் தாத்தா இதுல ஏறி இறங்கி நெஞ்சு காய்ச்சுப் போய்த்தான், போதும்டா சாமின்னு வண்டி கட்டினாராம். நான் மறுபடியும் ஊன்றிக்கிட்டிருக்கேன்." இது பாளை விட பதினைந்து வருசமாவது ஆகும், ஏறுவதற்கு ஆள் இருப்பானா என்றேன். "நாமளா ஏறப்போறோம், கிளி பொந்து வைக்கும்" என்றார்.

வெயில் ஏறியதும் கூட்டம் கலைந்தது. காகித ஏஜெண்ட் மடியில் ஒரு நீளமான கணக்கு நோட்டை விரித்தார். சிவப்பு அட்டை, மேலே மஞ்சள் தடவிப் பிள்ளையார் சுழி. ஆயுத பூஜைக்குப் புதுக்கணக்கு மாற்றுகிற நோட்டு மாதிரியே இருந்தது. வரவு, செலவு, அதன்பின் மரங்களுக்குத் தனிப் பக்கம். ஒவ்வொரு மரத்துக்கும் ஒரு நம்பர், வைத்த தேதி, யார் பேரில், இப்போது நிற்கிறதா. போனதைச் சிவப்பு மையில் அடித்திருந்தார். சிவப்பு நிறையவே இருந்தது.

வரவுப் பக்கத்தில் ஒரு பேர் மூன்று நான்கு இடத்தில் கண்ணில் பட்டது. வாரத்துக்குப் பத்து ரூபாய். யார் என்று கேட்டேன். ஆலையில் குழாய் உருட்டுகிற பெண்ணாம். வேலைக்குப் போகிற வேனிலேயே எட்டுப் பேரிடம் வசூலித்து அனுப்புவாராம். எந்தத் தெரு, யார் ஆட்கள் என்று நான் கேட்கவில்லை. ஏஜெண்டாகவே சொன்னார்: "எங்க ஆளுகன்னு மட்டும் வச்சிருந்தா இந்த நோட்டு நாலு பக்கத்துல முடிஞ்சிருக்கும்."

இருநூறு ரூபாய் கொடுத்தேன். ரசீதுப் புத்தகத்தை எடுத்தார். சிவகாசிக்காரர்களின் ரசீது அல்லவா, வழவழப்புத் தாளில் நாலு கலர். அச்சகத்தில் ஏதோ ஜவுளிக்கடைக்கு ஓடிய தாளின் ஓரத்தில் மிச்சம் பிடித்து அடித்தது என்று பின்னால் திருப்பிக் காட்டினார். ஒரு பட்டுச்சேலையின் பாதி முந்தானை தெரிந்தது. 'வகை' என்று போட்ட இடத்தில் நன்கொடை என்று எழுதப்போகிறார் என்று நினைத்தேன். மகமை என்று எழுதினார். பிறகு என் முகவரியைக் கேட்டார்.

"எதுக்கு?"

"மர நம்பர் போட்டிருக்கேன்ல. ஆடிக்கு ஆடி கார்டு போடுவோம், நிக்குதா இல்லையான்னு."

"செத்துப்போச்சுன்னா?"

"அதையும் எழுதித்தானண்ணாச்சி போடணும்" என்று சொல்லிவிட்டு, பின்கோடு சரியா என்று இன்னொரு தரம் வாசித்துக் காட்டினார்.